சங்க வண்டிக்குப் புது டயர்: மலைப் பாதைக்கு ஏற்றது எது?

கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றுக்கு இன்று சொந்தத்தில் ஒரு பிக்கப் வண்டி உண்டு. விளைபொருளைத் தோட்டத்தினின்று கிடங்குக்கும், கிடங்கினின்று சந்தைக்கும் கொண்டு செல்வது அதன் வேலை. நெசவாளர் சங்கமாயின், நூல் சிப்பங்களை அங்கத்தினர் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்து, நெய்து முடித்த சரக்கைத் திரும்ப ஏற்றி வருகிறது. தார்ச் சாலையிலேயே ஓடும் வண்டியைப் பற்றி நாம் இங்கு அதிகம் கூற வேண்டியதில்லை. மலை ஏறி இறங்கி, கல்லிலும் சேற்றிலும் ஓடி, ஓடைகளைக் கடந்து சரக்கேற்றும் வண்டிகளைப் பற்றியே இக்கட்டுரை.

இத்தகைய வண்டிக்கு டயர் தேய்ந்துவிட்டால் நடப்பது என்ன? டிரைவர் காரியதரிசியிடம் கூறுகிறார். நிர்வாகக் கமிட்டியில் விஷயம் வருகிறது. மூன்று கடைகளின் விலைப்புள்ளிகள் வாசிக்கப்படுகின்றன. எது குறைவோ அது தீர்மானமாகிறது. நூல் வாங்கும்போது நம்பரும் முறுக்கும் பாராமல் விலை மட்டும் பார்த்து வாங்குவோமா? விதை வாங்கும்போது முளைப்புத் திறனை விசாரியாமல் வாங்குவோமா? டயரில் மட்டும் அந்த எச்சரிக்கை நம்மை விட்டு நீங்கிவிடுகிறது. நூல் கெட்டால் துணி கெடும். அத்துடன் நஷ்டம் முடியும். மழைநாளில் கொண்டை ஊசி வளைவொன்றில் டயர் பிடிப்பை இழந்தால், போவது சரக்கு மட்டுமன்று. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

டயரும் ஒரு நெசவுப் பொருளே

நெசவாளர்களான அங்கத்தினர் பலருக்கு இது வியப்பாக இருக்கலாம். டயரின் வெளித்தோற்றம் ரப்பர். அதன் வலிமையோ உள்ளே மறைந்திருக்கும் நூலில் உள்ளது. 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தபோது, ரப்பர் குழாயைத் துணியினால்தான் சுற்றினார். ஆரம்ப காலத்து டயர்களில் சாதாரண நெசவுத் துணியே பயன்பட்டது. அதில் ஒரு குறை இருந்தது. சக்கரம் உருளும்போதெல்லாம் டயர் நசுங்கி நிமிர்கிறது. அப்போது பாவும் ஊடையும் ஒன்றையொன்று உராய்ந்து, சூடேறி, அறுந்துபோயின.

இதற்குக் கண்ட பரிகாரம் நெசவாளர் மனத்துக்கு எளிதில் விளங்கும். நன்றாக முறுக்கிய தடித்த இழைகளைப் பாவாக நெருக்கி வைத்து, அவற்றை இடம் பெயராமல் நிறுத்துவதற்கு மட்டும் மெல்லிய ஊடையை வெகு தூரத்துக்கு ஒன்றாக ஓட்டினார்கள். அந்தத் துணிக்கு இரு பக்கமும் ரப்பர் பூசினால், ஓர் இழை மற்றோர் இழையை அறுக்காது. முதலில் பருத்தியும், பின்னர் ரேயானும் நைலானும் பாலியெஸ்டரும் இவ்வாறு பாவாயின. இன்றைய டயர் கார்டு துணியும் இதே முறையில் நெய்யப்படுவதுதான்.

பழைய வகை டயரில் இத்துணி அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் சாய்த்து வைக்கப்பட்டன. 1949-ஆம் ஆண்டு முதல் பிரான்சு நாட்டு மிஷெலின் நிறுவனம் விற்கத் தொடங்கிய ரேடியல் டயரிலோ, இழைகள் ஒரு விளிம்பினின்று மறு விளிம்புக்கு நேராக ஓடுகின்றன. தரையைத் தொடும் பாகத்தின் கீழ் உருக்குக் கம்பிப் பட்டைகள் தனியாக இடப்படுகின்றன. இதனால் டயர் தரையில் சமமாகப் படிகிறது, சூடு குறைகிறது, ஆயுள் கூடுகிறது. ஆனால் பக்கச்சுவர் மெலிந்தும் வளைந்து கொடுப்பதாகவும் அமைகிறது. மலைப் பாதையின் கூரிய கல் முதலில் பதம் பார்ப்பது இந்தப் பக்கச்சுவரைத்தான். தரையைத் தொடும் பாகத்தில் ஆணி ஏறினால் ஒட்டுப் போடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் டயரைக் கழித்துவிட வேண்டியதே. எனவே கல் பாதையில் ஓடும் வண்டிக்குப் பக்கச்சுவரில் எத்தனை அடுக்கு என்று கேட்டு வாங்குவது அவசியம்.

தோட்டக்கார அங்கத்தினருக்கும் இதில் பங்குண்டு. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பால் வடித்து எடுக்கும் இயற்கை ரப்பர், கிழிபடாமல் தாங்குவதிலும், உருளும்போது உள்ளே சூடேறாமல் இருப்பதிலும் சிறந்தது. ஆகையால் பாரவண்டி டயர்களில் அதன் பங்கு கார் டயர்களைவிட அதிகம்.

முதற் கேள்வி: வண்டி ஓடும் பாதை எது?

கடைக்குப் போகுமுன் நாம் பார்க்க வேண்டியது பாதையை. பிக்கப் வண்டிக்குரிய டயர்கள் மூன்று வகைப்படும்.

முதலாவது ஹெச்.டி. எனப்படும் சாலை வகை. நீளவாட்டில் கோடுகள் ஓட, மேற்புறம் நெருக்கமாக இருக்கும். தார்ச் சாலையில் அமைதியாக ஓடும், நனைந்த தாரில் நன்றாக நிற்கும், டீசலும் மிச்சமாகும். சேற்றில் இறங்கினாலோ கோடுகள் அடைபட்டு, சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும்.

இரண்டாவது எம்.டி. எனப்படும் சேற்று வகை. டிரைவர்கள் ‘பட்டன்’ என்று கூறும் கட்டிகள் இதில் பெரியவை. அவற்றின் இடைவெளி அகலமானது. ஒட்டிய களிமண்ணைச் சுழலும் வேகத்திலேயே உதறிவிடும். பக்கச்சுவரும் பெரும்பாலும் தடித்திருக்கும். ஆனால் இடைவெளி அதிகமாகையால் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. நனைந்த தார்ச் சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். இரைச்சலும், டீசல் செலவும், தேய்மானமும் மிகும்.

மூன்றாவது ஏ.டி. எனப்படும் பொது வகை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது. எதிலும் முதலிடம் பெறாது. எதிலும் கைவிடவும் செய்யாது.

கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைமேல் செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வால்பாறைப் பாதையில் 40; சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதையில் 20. இவையெல்லாம் தார்ச் சாலைகளே. மலைமேல் சென்றபின், மிளகும் காப்பியும் பலாவும் ஏற்றுவதற்குத் தோட்டங்களுக்குள் நுழையும்போதுதான் மண்ணும் கல்லும் எதிர்ப்படுகின்றன. அதாவது, நமக்குச் சேறு இரண்டு மைலாயின், நனைந்த தார் இருபது மைல். முழுச் சரக்குடன் மழையில் இறங்கும் வண்டியின் உயிர்நாடி அந்தத் தார்ச் சாலையில் கிடைக்கும் பிடிப்பில்தான் உள்ளது. தோற்றத்தில் கம்பீரமாயிருக்கிறது என்பதற்காகச் சேற்று டயரை மாட்டி, 70 வளைவுகளிலும் பிடிப்பைக் குறைத்துக்கொள்வது விவேகமாகாது.

ஆகவே நாம் கூறும் யோசனை இது: டிரைவர் ஒரு மாதம் சிறு குறிப்பேடு வைக்கட்டும். நாள்தோறும் தாரில் எத்தனை கிலோமீட்டர், கல்லில் எத்தனை, சேற்றில் எத்தனை என்று எழுதட்டும். நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கு தாராகவும் மிகுதி கல், மண்ணாகவும் இருந்தால் பொது வகையே போதும். தார் மிகச் சொற்பமாக இருந்து, வருஷத்தில் பல மாதம் களிமண்ணில் ஓடுவதாயின் சேற்று வகையை யோசிக்கலாம். மணற்பாங்கான இடங்களில் சேற்று டயர் உதவுவதற்குப் பதில் குழி தோண்டிக்கொண்டு இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

டயரின் மேல் எழுதியிருப்பது

நூல் கட்டின் மேல் நம்பர் இருப்பதுபோல், டயரின் பக்கச்சுவரில் அதன் ஜாதகமே எழுதப்பட்டுள்ளது. 245/70 ஆர்16 111டி என்றிருப்பதாகக் கொள்வோம். 245 என்பது அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 70 பங்கு என்பது, அதாவது 171.5 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல். 16 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். 111 என்பது எடைக் குறியீடு. கடைசியில் உள்ள டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வரையில் தாங்கும் என்பதன் குறி. அவ்வேகத்தில் நாம் ஓட்டப்போவதில்லை. எனினும் அது டயர் சூடு தாங்கும் சக்தியின் அளவுகோலுமாகையால், கம்பெனி குறித்ததற்குக் குறைந்ததை வாங்கலாகாது.

இவற்றுள் நமக்கு முக்கியமானது எடைக் குறியீடே. 111 என்றால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோ. 100 என்றால் 800 கிலோ. முழுச் சரக்கேற்றியபோது பின் அச்சின் மேல் 1,900 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பின் டயரும் 950 கிலோ சுமக்கிறது. அப்போது 104 குறியுள்ள டயரே போதாது. 100 குறியுள்ளது அபாயம். ஒரே அளவு எழுதிய இரு டயர்களில் ஒன்று காருக்கும், மற்றொன்று சரக்கு வண்டிக்கும் செய்யப்பட்டதாக இருக்கக்கூடும். விலை குறைந்த டயர் எதனால் குறைந்தது என்று விசாரித்தால், சில சமயம் காரணம் இங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்து, தயாரித்த காலம். பக்கச்சுவரில் உள்ள நீண்ட எழுத்து வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ரப்பர் ஓடாமலே மூப்படைவது. கடையில் இரண்டு மூன்று வருஷம் தூங்கிய டயரைத் தள்ளுபடி விலைக்கு வாங்குவது, முளைப்புத் திறன் போன விதையை மலிவாக வாங்குவதற்கு ஒப்பாகும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய டயர் மேல் ஆசை

“கொஞ்சம் பெரிய டயராகப் போட்டால் வண்டி உயரும், கல் இடிக்காது” என்று சிலர் யோசனை கூறுவர். இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 245/70 ஆர்16 டயரின் குறுக்களவு ஏறக்குறைய 749 மில்லிமீட்டர். 265/70 ஆர்16 டயரின் குறுக்களவு 777 மில்லிமீட்டர். குறுக்களவு 28 மில்லிமீட்டர் கூடினாலும், வண்டி உயர்வது அதில் பாதியான 14 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு விரல் பருமன்தான். அதற்காக நாம் கொடுக்கும் விலை என்ன?

சக்கரத்தின் சுற்றளவு நூற்றுக்குச் சுமார் 3.7 பங்கு கூடுகிறது. அவ்வளவுக்கு ஏற்றத்தில் இழுக்கும் சக்தி குறைகிறது. வேகமானி 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். பிரேக்குக்கு வேலை கூடும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது டயர் உட்புறத் தகட்டில் உராயலாம். கொண்டை ஊசி வளைவில் முழுவதும் ஒடிக்காமல் இருக்க முடியுமா? சட்டமும் உண்டு. சரக்கு வண்டியைப் பதிவு செய்யும்போது ஒவ்வோர் அச்சிலும் உள்ள டயரின் எண்ணிக்கையும் அளவும் குறிக்கப்படுகின்றன. வண்டியின் அமைப்பைக் கம்பெனி குறித்ததற்கு மாறாகத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தபின் இன்ஷூரன்ஸ் கம்பெனியுடன் இதைப் பற்றி வாதாடும் நிலைக்குச் சங்கத்தை உள்ளாக்கலாமா? கதவுத் தூணில் ஒட்டியுள்ள தகட்டில் என்ன அளவு எழுதியிருக்கிறதோ அதுவே நமது அளவு.

நான்கும் ஒரு குடும்பம்

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிகளில் ஒரு விசேஷம் உண்டு. அந்த விசையைப் பூட்டியதும், நமது பிக்கப் வண்டிகள் பலவற்றில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பிணைக்கப்படுகின்றன. முன்னால் தேய்ந்த டயரும் பின்னால் புது டயரும் இருந்தால் இரண்டின் சுற்றளவும் வேறுபடும். அந்த வேறுபாட்டைச் சேற்றில் சறுக்கல் தீர்த்துவிடும்; காய்ந்த தாரிலோ தீர்க்க வழியின்றி, பல்சக்கரப் பெட்டி அந்தப் பளுவைத் தாங்கி முறுகும். அதைப் பழுது பார்க்கும் செலவு ஒரு ஜோடி டயரின் விலையைவிட எளிதில் மிஞ்சிவிடும். எனவே நான்கையும் ஒரே வகையில், ஒரே சமயத்தில் மாற்றுவதே முறை. ஒரே அச்சில் ரேடியலும் பழைய வகையும் கலப்பது எவ்வண்டிக்கும் ஆகாது.

ஸ்டெப்னியையும் மறக்கலாகாது. அதுவும் அதே அளவினதாக இருக்க வேண்டும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்து டயர்களையும் முறைப்படி இடம் மாற்றி வந்தால் எல்லாம் சமமாகத் தேயும். கிழிந்த ஒன்றுக்குப் பதில் மாட்டுவதற்கு ஒத்த வயதுடைய டயர் எப்போதும் கையிலிருக்கும்.

ரீட்ரெட் செய்த டயர் மலிவல்லவா என்று கேட்கலாம். சமவெளியில் ஓடும் லாரிகளின் பின் சக்கரங்களுக்கு அது நல்ல சிக்கனமே. ஆனால் நமது வண்டியின் டயர்கள் கல்லில் பக்கச்சுவர் அடிபட்டவை. உள்ளிருக்கும் இழை எவ்வளவு நைந்தது என்று வெளியே தெரியாது. மலையிறங்கும் வண்டியின் முன் சக்கரங்களில் அதை மாட்டுவதை நாம் ஒப்பமாட்டோம்.

விலை வேறு, செலவு வேறு

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு டயர் 9,000 ரூபாய். 30,000 கிலோமீட்டர் உழைக்கிறது. மற்றொன்று 12,000 ரூபாய். 50,000 கிலோமீட்டர் உழைக்கிறது. முதலாவதில் கிலோமீட்டருக்கு 30 காசு செலவு. இரண்டாவதில் 24 காசு. நான்கு டயருக்கு 50,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் முதலாவது 60,000 ரூபாயும், இரண்டாவது 48,000 ரூபாயும் விழுங்குகின்றன. விலைப்புள்ளியில் மலிவாகத் தோன்றியது கணக்குப் புத்தகத்தில் 12,000 ரூபாய் அதிகமாக நிற்கிறது.

டீசலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 11 கிலோமீட்டர் ஓடிய வண்டி, கனத்த சேற்று டயரினால் பத்தரைக்கு இறங்கியதென்று வைத்துக்கொண்டால், 40,000 கிலோமீட்டரில் 173 லிட்டர் கூடுதலாகச் செலவாகும். புது டயர்களின் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு 28-இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. பழைய விலைப்புள்ளிகளை வைத்துக்கொண்டு தீர்மானம் செய்யும் கமிட்டிகள் இதைக் கவனிப்பது நலம்.

காற்றும் கவனிப்பும்

நல்ல டயரையும் கெடுப்பது காற்றின் குறைவு. காற்றுக் குறைந்து பாரம் ஏறினால் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கிச் சூடேறும். இழை ரப்பரினின்று பிரியும். கதவுத் தூணின் தகட்டில் காலி வண்டிக்கு ஓர் அளவும், சரக்கேற்றிய வண்டிக்கு வேறோர் அளவும் குறிக்கப்பட்டிருந்தால், அதன்படியே நடக்க வேண்டும். அளப்பது காலையில், வண்டி ஓடுமுன். ஓடிச் சூடேறிய டயரில் காற்று அதிகமாகக் காட்டும். அதைக் கண்டு திறந்து விடுவது தவறு. மணலிலோ சேற்றிலோ சிக்கிய காலி வண்டியை மீட்கச் சிறிது காற்றைக் குறைப்பது நல்ல உத்திதான். வெளியேறியதும் உடனே நிரப்பிக்கொள்ள வண்டியில் பம்ப் இல்லாதவர்கள் அதைச் செய்யலாகாது.

மாற்றவேண்டிய காலத்தை டயரே அறிவிக்கிறது. கோடுகளின் அடியில் சிறு மேடுகள் உள்ளன. தேய்மானம் அம்மேடுகளைத் தொடும்போது ஆழம் 1.6 மில்லிமீட்டர், அதற்கு மேல் ஓட்டுவது சட்ட விரோதம். மலைப் பாதைக்கு அதுவரையில் காத்திருப்பதும் சரியன்று. நனைந்த சாலையில் நீரை ஒதுக்கும் சக்தி அதற்கு வெகு முன்பே குறைந்துவிடுகிறது. 3 மில்லிமீட்டர் ஆழத்தில் புது டயருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பர் மாதக் கமிட்டிக் கூட்டத்திலேயே டயரின் ஆழத்தை அளந்து குறிப்பு வைப்பது நல்ல வழக்கமாகும்.

கழித்த டயரைக் கிடங்கின் பின்புறம் போட்டு வைப்பதும் தீங்கு. அதில் தேங்கும் மழைநீர் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகும். போகியன்று கொளுத்துவதோ ஊர்ப் பிள்ளைகளின் மூச்சில் நஞ்சு கலப்பதாகும். மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் ஒப்படைத்து, ரசீது பெற்றுக் கோப்பில் வைக்க வேண்டும்.

கமிட்டியின் கடமை

முடிவாக, விலைப்புள்ளி கோரும் கடிதத்தில் ‘பிக்கப் வண்டிக்கு நான்கு டயர்’ என்று மட்டும் எழுதுவது போதாது. அளவு, எடைக் குறியீடு, வேகக் குறி, வகை, பக்கச்சுவரின் அடுக்கு, ஐ.எஸ்.ஐ. முத்திரை, தயாரித்து ஆறு மாதத்துக்கு மேற்படாமை, மாட்டிச் சமன் செய்யும் கூலி, உத்தரவாதத்தின் காலம் ஆகிய எல்லாவற்றையும் குறிப்பிட வேண்டும். இவையனைத்தும் ஒத்த டயர்களுக்குள் விலை குறைந்ததைத் தேர்வதே உண்மையான சிக்கனம். வகை வேறான டயர்களின் விலைகளை ஒப்பிடுவது, இருபதாம் நம்பர் நூலையும் எண்பதாம் நம்பர் நூலையும் ஒரே தராசில் வைப்பதாகும்.

டிரைவரின் குறிப்பேட்டையும் கமிட்டியின் முன் வைக்க வேண்டும். பாதையை அறிந்தவர் அவர். அந்த வண்டியில் நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்து இறங்குபவரும் அவரே. பணம் அங்கத்தினர்களுடையது. ஏற்றிய சரக்கு அவர்களுடைய ஒரு பருவத்து உழைப்பு. ஆதலால் வருகிற மகாசபைக் கூட்டத்தில் வண்டிச் செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது, எவ்வளவு ரூபாய் என்பதோடு நில்லாமல், எந்த டயர், எத்தனை கிலோமீட்டர் உழைத்தது என்றும் அங்கத்தினர்கள் எழுந்து கேட்க வேண்டும். அக்கேள்விக்கு விடை கூறும் கணக்கைச் சங்கங்கள் இன்றே தொடங்கி வைப்பார்களாக.